இளவெயிலும் ஏரித் தண்ணீரும்

நம் சங்கத்து நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகர் வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது அல்லவா, அதனால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து பிப்ரவரியில் காஷ்மீர் போவதாகத் திட்டம். "ஐயா, நீங்கள் அங்கே வேலை பார்த்தவர். என் பையன் ஒரு தூண்டில் பைத்தியம். அந்த மாதத்தில் ஏரி பாதி உறைந்தும் பாதி திறந்தும் இருக்குமாம். பகலில் நல்ல வெயிலும் அடிக்குமாம். ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். சிரித்தார். வயதானவர்கள் எதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பார் போலும். ஒரு வார்த்தையில் சொன்னது எடுபடவில்லை. அதனால் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வி அந்த நான்கு குடும்பங்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு எங்கள் மூணாறுப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. குளிர்ந்த ஏரியும் இளம் வெயிலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் பிறந்து வளர்ந்தது இடுக்கி மாவட்டத்துச் சித்திரபுரம். பள்ளிவாசல் மின்நிலையத்துக்குப் பக்கத்து ஊர். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர். ஒரு காலத்தில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டலைப் பள்ளத்தாக்கில் சிறிய ரயில் ஒன்று ஓடியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் ரயிலைக் கண்ணால் பார்க்கவே நான் மலையிறங்க வேண்டியிருந்தது. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் பெர்மனன்ட் வே பிரிவில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், சேர்ந்து கடைசிவரை அதிலேயே இருந்தேன். நடுவில் சில ஆண்டுகள் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் புதிய பாதை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். அனந்தநாக்கிலிருந்து மஜோம் வரையிலான பகுதி 2008 அக்டோபரில் திறந்தது. அங்கிருந்து பாராமுல்லா வரை 2009 பிப்ரவரியில். நான் பெரும்பாலும் சோபோர் பக்கம் இருந்தேன். சோபோருக்கு அருகேதான் ஊலர் ஏரி.

எங்கள் ஊரிலும் குளிர் உண்டு என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பொய்யில்லை. மார்கழி, தை மாதங்களில் மூணாறைச் சுற்றிய சில எஸ்டேட்டுகளில் விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். ஆனால் மாட்டுப்பெட்டி அணையோ குண்டலை அணையோ உறைந்ததை நான் பார்த்ததில்லை, என் தகப்பனாரும் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். சிறுவர்களாக மூங்கில் தூண்டிலுடன் ஓடையில் இறங்கி நிற்போம். கால் மரத்துப்போகும், கரையேறி வெயிலில் நிற்போம், திரும்ப இறங்குவோம். குளிர் என்றால் இவ்வளவுதான் என்ற எண்ணம் அப்போதே மனதில் படிந்துவிட்டது. காஷ்மீரில் அதுதான் எனக்கு வினையாக வந்தது.

காஷ்மீரில் குளிர்காலத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லாய் கலான்', பெருங்குளிர். அடுத்த இருபது நாள் 'சில்லாய் குர்த்', சிறுகுளிர். அதற்குப் பின் பத்து நாள் 'சில்லாய் பச்சா', குட்டிக்குளிர். முதல் நாற்பதில் தால் ஏரியின் ஓரங்களும் தேங்கிய வாய்க்கால்களும் உறையும். கடுங்குளிர் ஆண்டுகளில் ஏரியின் பெரும்பகுதியே உறைந்துவிடும். 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி. அந்த மாதக் கடைசி நாளில் மைனஸ் 8.8. உறைந்த ஏரியின் மேல் ஜனங்கள் நடக்கத் தொடங்க, நடக்காதீர்கள் என்று அரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. மாறாக 2024 ஜனவரியில் குல்மர்கிலேயே முதல் சில வாரங்கள் பனி இல்லை. ஊருக்குப் போன சுற்றுலாக்காரர்கள் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்படி ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் குளிரில்தான் அங்கே மீனவர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்கள் மீன் பிடிக்கும் விதம் பார்க்க வேண்டியது. ஸ்ரீநகரின் ஆஞ்சார் ஏரியில் ஒரு முறை உண்டு. ஆள் படகின் நுனியில் குப்புறக் குனிந்து, தலையையும் படகின் ஒரு பகுதியையும் கம்பளியாலும் வைக்கோலாலும் மூடிக்கொள்வார். உள்ளே இருட்டு. வெளிவெளிச்சம் கண்ணில் படாததால் தண்ணீரின் ஆழம் தெளிவாகத் தெரியும். அந்த நிழலுக்கு மீனும் ஒதுங்கி வரும். கையில் நீண்ட ஈட்டி. மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பார்கள். ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள் காங்கிரி என்ற தணல் கூடை கதகதப்புக்கு. ஓரத்தில் ஐஸ் பிடித்திருந்தால் துடுப்பால் அடித்து உடைத்து வழி செய்துகொண்டு போவார்கள். பெருங்குளிரில் படகை நகர்த்தவே முடியாத நாட்களில் வருமானம் கிடையாது. அதனால் வெயில் வந்து ஐஸ் இளகுகிற நாள் அவர்களுக்குச் சம்பள நாள் மாதிரி.

அப்படி ஒரு நாளில்தான் நானும் போனேன். 2008 பிப்ரவரி, சிறுகுளிர் முடியும் சமயம், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வேலையிடத்தில் இருந்த ஒரு கொத்தனாரின் அண்ணன் ஊலர் ஏரியில் மீனவர். காலை பத்து மணிக்கெல்லாம் அருமையான வெயில். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கரையோரம் முழுக்க ஐஸ் தட்டுகள். அவற்றுக்கு நடுவே ஒரு படகு நுழையும் அளவுக்கு வழி திறந்திருந்தது. அதன் வழியே போனால் நடுவில் திறந்த தண்ணீர், கண்ணாடி போல். அவர் வலை விட்டார். இரண்டு மணி நேரத்தில் நல்ல மீன் கிடைத்தது. "போகலாம்" என்றார். நான்தான், அரைகுறை இந்தியில், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாமே, படம் எடுக்க வேண்டும் என்றேன். விருந்தாளி கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். மறுக்காததைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஊலரில் பிற்பகலில் காற்று எழும். அந்த ஏரியின் பெயரே, பேரலை என்று பொருள்படும் 'உல்லோல' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அன்று காற்று எழுந்தபோது அலை பெரிதாக இல்லை. ஆனால் இளகிப் பிரிந்திருந்த ஐஸ் தட்டுகள் எல்லாம் மெதுவாக நகர்ந்து எங்கள் கரைப்பக்கம் வந்து அடைந்துகொண்டன. காலையில் வந்த வழியைக் காணவில்லை. மேலே ஏறி நடக்கலாம் என்றால் தாங்காத மெல்லிய ஐஸ். படகை உள்ளே விடாத அளவுக்கு மட்டும் தடிமன். கரை கண்ணெதிரே, ஆட்கள் முகம் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆனது.

அவர் முன்னால் நின்று துடுப்பால் உடைத்தார், நான் பின்னால் கழியால் தள்ளினேன். பாதி வழியில் பார்த்தால் காலடியில் தண்ணீர். உடைந்த ஐஸின் விளிம்பு படகின் பலகையைத் தண்ணீர் மட்டத்தில் அரம் போல அராவியிருந்தது. ஒரு பழைய டின்னால் மொண்டு கொட்டினேன். கையுறை நனைந்ததும் சில நிமிடங்களில் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கழற்றி வைத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் போட்ட கோட்டின் பொத்தானை மாட்ட முடியவில்லை. முப்பது ஆண்டுகளாக ஸ்பேனரும் கேஜும் பிடித்த கை, ஒரு பொத்தானை மாட்ட முடியவில்லை! அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன் காங்கிரியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பவும் ஐஸை உடைக்கப் போனார். இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கிடையாது. எனக்கு நீச்சல் தெரியும் என்பது அப்போது ஒரு தைரியமாக இருந்தது. அந்தத் தைரியம் எவ்வளவு வெறும் பேச்சு என்று பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கரையில் அவருடைய தகப்பனார் நின்றிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகனைத் திட்டித் தீர்த்துவிட்டார். காஷ்மீரி எனக்குப் புரியாது என்றாலும் எதற்கு என்று புரிந்தது. குற்றம் என்னுடையது. இன்றுவரை அந்தத் திட்டு காதில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடுங்குளிரைவிட இளங்குளிர் நாள் ஏன் மோசம்? எங்கள் தண்டவாள வேலையில் ஒரு பாடம் உண்டு. காற்றின் வெப்பத்தை வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை. தண்டவாளத்துக்கென்று தனித் தெர்மாமீட்டர் இருக்கிறது. கோடைப் பகலில் காற்று 40 டிகிரி என்றால் தண்டவாளம் 60 இருக்கலாம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் நெளியுமா, குளிரில் சுருங்கி வெல்டில் பிளக்குமா என்பதை அந்தத் தனித் தெர்மாமீட்டர்தான் சொல்லும். அதைப் பார்த்துத்தான் ரோந்துக்கு ஆள் அனுப்புவோம். "இன்றைக்கு இதமாக இருக்கிறதே" என்று எந்த இன்ஸ்பெக்டரும் ரோந்தை நிறுத்தினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏரியும் அப்படித்தான். பிப்ரவரிப் பகலில் ஸ்ரீநகரில் காற்று 12 டிகிரி இருக்கலாம். ஓரத்தில் ஐஸ் மிதக்கிற தண்ணீர் நாலு டிகிரிக்கு மேலே அதிகம் இராது. தண்ணீருக்கு ஒரு விசேஷம்: நாலு டிகிரியில்தான் அது மிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வரும். அதனால்தான் ஐஸ் மேலே மிதக்கிறது, அடியில் மீன் உயிரோடு இருக்கிறது. ஆழமில்லாத ஓரம்தான் முதலில் உறையும். வெயில் வந்தால் கரையின் சூட்டில் அந்த ஓரமே முதலில் விடும். கரையை விட்டு ஐஸ் பிரிந்தால் அதற்குப் பிறகு அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. காற்று அடிக்கிற பக்கம் அது போகும். இன்னொன்று, இளகுகிற ஐஸின் தடிமன் அப்படியே இருக்கும், உள்ளே வலு போயிருக்கும். அது தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தால் ஏரியிலோ அடியில் ஊற்றுகள் வேறு. ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் ஐஸின் பலம் மாறும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் இருக்கிறார். தன்னையே பலமுறை குளிர்த் தண்ணீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு எளிது: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, ஆவென்று இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர்தான் போகும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் ஓரளவு சொன்னபடி கேட்கும். உடல் முழுவதும் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதாவது உடல் குளிர்ந்து சாவதற்கு முன்பே, மூச்சு தடுமாறியோ கை ஓய்ந்தோ மூழ்கிப் போகிறவர்களே அதிகம். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கணக்குதான். மிதக்க வைக்க உடம்பில் ஒன்று மாட்டியிருந்தால் முதல் நிமிடத்தைத் தாண்டலாம், கை ஓய்ந்த பிறகும் முகம் மேலே இருக்கும். என் பொத்தான் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் விழாமலே, வெறும் நனைந்த கையுறைக்கே அந்த நிலை. விழுந்த பிறகு படகில் கிடக்கும் ஜாக்கெட்டை எடுத்து மாட்டலாம் என்பது நடக்காத காரியம்.

கனடாவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி, ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதி நம் குடும்பங்களுக்கு எட்டுகிற தூரம். குளிர்காலத்தில் ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் போகும் இடம். அங்கே சட்டப்படி படகில் ஆளுக்கொரு ஜாக்கெட் இருந்தால் போதும், பெரியவர்கள் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. இந்தச் சலுகைதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய ஏரிகளில் அனுபவசாலிகளுக்கே என்ன நடக்கிறது என்பதற்கு 2009 பிப்ரவரி 7ஐச் சொல்லலாம். அமெரிக்காவின் ஒஹையோ கரையோரம், ஈரி ஏரியில், இதமான ஒரு சனிக்கிழமை. ஐஸில் விரிசல் விட்டு, காற்றில் பெரிய தட்டாகப் பிரிந்து ஏரிக்குள் நகர்ந்தது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரும் படகும் வைத்து மீட்டார்கள். ஒருவர் இறந்தார். அவர்கள் யாரும் ஐஸ் அறியாத நம்மூர்க்காரர்கள் அல்லர்.

"அந்தக் காஷ்மீரி மீனவரே ஜாக்கெட் போடவில்லையே, அவர் தினமும் போய் வருகிறாரே" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் போவது அடுப்பெரிய. காற்று எந்த மணிக்கு எழும், எந்தத் தட்டு எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று "போகலாம்" என்றார். நம்மை ஏற்றிக்கொண்டால் அவருடைய அந்த அறிவு செல்லாக்காசாகிவிடுகிறது, ஏனென்றால் நாம் இன்னும் ஒரு மணி நேரம் கேட்போம். அவருக்கும் ஒரு ஜாக்கெட் இருந்தால் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களுக்கு அதை வாங்கிக் கொடுக்கும் அரசைப் பாராட்டுவேன். ஆனால் பிழைப்புக்காகத் துணிகிறவரை நம் பொழுதுபோக்குக்குச் சாட்சியாக இழுப்பது சரியல்ல.

இதெல்லாம் ஐஸ் உள்ள இடத்துக் கதை, நமக்கென்ன என்றும் விட முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று எங்கள் இடுக்கி மாவட்டத்திலேயே, தேக்கடியில், 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்களும் இருந்தார்கள். நான் அப்போது காஷ்மீரில். ஊரிலிருந்து போன் வந்தபோது, அதே ஏரியில் என் பிள்ளைகளை அதே மாதிரிப் படகில் ஏற்றிப் போய் வந்தது நினைவுக்கு வந்து, அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கேரளத்தில் 2010இல் உள்நாட்டுப் படகுகளுக்குப் புதிய விதிகள் வந்தன. விதி வந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, 2023 மே 7 அன்று, தானூரில் 22 பேர் போனார்கள்.

இப்போது ஓய்வு பெற்று ஊரோடு இருப்பதால் குண்டலைக்கு அடிக்கடி போகிறேன். அங்கே காஷ்மீர் ஷிகாரா மாதிரிப் படகுகள் ஓடுகின்றன. பார்க்கும்போதெல்லாம் சோபோர் ஞாபகம். ஜனவரி மாதத்தில், இரவெல்லாம் உறைபனி கொட்டின தண்ணீரில், பதினோரு மணி வெயிலில் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். ஜாக்கெட் கொடுக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். கரையை விட்டு இருபது அடி போனதும் போட்டோவுக்குப் பட்டுப்புடவை மறைகிறது என்று கொக்கியைக் கழற்றிவிடுகிறோம். குழந்தைக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட்டை மாட்டி, அது கழுத்தில் தொங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

ஆகவே நண்பருக்கு என் பதில். பிப்ரவரியில் தாராளமாகப் போங்கள், ரயிலில் போங்கள். நாங்கள் போட்ட பாதை, ஜன்னலோரம் உட்காருங்கள். வேடிக்கை பார்க்க, ஐஸ் இல்லாத திறந்த பகுதியில், கரையோரமாக, முற்பகலில், ஜாக்கெட்டுடன் ஷிகாராவில் போகலாம். "போதும்" என்று படகுக்காரர் சொன்னால் அது போதும். மீன் பிடிக்க உறைந்த ஓரத்தைத் தாண்டிப் போக வேண்டாம். பையனின் தூண்டில் ஆசைக்கு ஏப்ரலுக்கு மேல் இன்னொரு பயணம் வையுங்கள். 1900 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் அந்த மலை ஓடைகளில் பெருகிக் கிடக்கிறது. மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கிக் கரையில் நின்றே பிடிக்கலாம். குளிர்காலத்தில் அது முட்டையிடும், அப்போது தூண்டிலுக்கு அனுமதி இல்லை. மீனுக்கே அங்கே விடுமுறை இருக்கிறது.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நாம் போகும் பிக்னிக்கில் படகு சவாரி இல்லாமல் இருப்பதில்லை. சாப்பாட்டுக் கமிட்டி, பாட்டுக் கமிட்டி போடுகிறோம். படகுக்கென்று இரண்டு பேரை நியமித்து, எல்லோரும் கொக்கி மாட்டின பிறகே கயிற்றை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அளவான ஜாக்கெட் பல இடங்களில் கிடைப்பதில்லை. பத்து ஜாக்கெட்டுகளைச் சங்கமே வாங்கி வைக்கலாம். முதல் இரண்டுக்கான பணம் நான் அனுப்புகிறேன். பிள்ளைகளின் எடையை எழுதிக்கொண்டுதான் வாங்க வேண்டும், வயதை வைத்து அல்ல. மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிய அளவு. மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.